சிகாவின் இடது காது

மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அமுதவல்லிக்கு, பஸ் வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வருவதற்குள் இரண்டு தடவை இறங்கிவிடலாமா என்று தோன்றிவிட்டது. இறங்கினால் என்ன. ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. வீட்டுக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்து, உள்ளே பழைய வேட்டியில் சுற்றியிருப்பதை எடுத்து, அலமாரியின் மூன்றாவது தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் எவர்சில்வர் சொம்பின் மேல் பழையபடி உட்கார வைத்துவிடலாம். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துச் செயலாளருக்கு ஒரு போன் போட்டுக் காய்ச்சல் என்று சொன்னால் போதும். ஆனால் வண்டி திரும்பிவிட்டது, கண்டக்டர் விசிலை ஊதிவிட்டார், அது நேராக அவள் வலது காதுக்குள் போய் இறங்கியது. மூவாயிரத்தைந்நூறு ஹெர்ட்ஸ் இருக்கும், தினம் இருநூறு தடவை இதையே கேட்டால் இந்த மனிதருக்கு ஐம்பது வயதில் ஸகரமும் ஷகரமும் ஒன்றாகக் கேட்கும் என்று மனம் தானாகச் சொல்லிக்கொண்டது. இருபத்தாறு வருஷமாகக் காது பரிசோதித்து, காது மிஷின் பொருத்தி வருகிறவள். கோயிலுக்குப் போனாலும் மணி அடிக்கிறவருடைய காதைத்தான் முதலில் பார்ப்பாள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே பெட்டியைப் பார்த்து, "இன்னா மேடம், மிக்ஸி ரிப்பேரா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினாள். தலையாட்டிய உடனே பெட்டிக்குள் இருப்பது அதைக் கேட்டிருக்கும் என்பதுபோல் ஒரு கூச்சம் வந்தது. பட்டாளத்து டாங்கி ஓட்டுகிறவர்கள் போட்டுக்கொள்கிற தொப்பி, எழுபத்தொன்றாம் வருஷத்துப் பாகிஸ்தான் சண்டையில் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பிரித்துக் காட்டச் சொல்வார்கள், கை மாறும், ஆளுக்கொரு தரம் தலையில் போட்டுப் பார்ப்பார்கள், எண்ணெய்த் தலைகள், வேண்டாம். மிக்ஸியாகவே இருக்கட்டும்.

காலையில் வீட்டுக்காரர் துளசிராமன்தான் பெட்டிக்குக் கயிறு கட்டிக் கொடுத்தார். பால் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் கேன்களுக்கு மூடி போட்டு முடிச்சுப் போட்ட கை, கயிறு கொஞ்சம்கூட நெகிழவில்லை. "உன் மண்டைங்கள்ல ஒண்ணு குறையப் போவுதுன்னு மூஞ்சி இப்டி ஆயிடுச்சே" என்றார். மண்டைங்க என்றுதான் அவர் சொல்வார். மழைக்காலம் வந்தால், உன் மண்டைங்களுக்குப் பூஞ்சை புடிக்குது பாரு என்று அவரே ஞாபகப்படுத்துவார், இவள் மருந்து டப்பாக்களில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து ஒவ்வொரு தொப்பிக்குள்ளும் இரண்டு போடுவாள். பாச்சை உருண்டை போட்டால் தோல் வெளுத்துவிடும் என்று அவளுக்குத் தெரிவதற்குள் ஒரு இத்தாலியக் கறுப்புத் தோல் தொப்பியின் நெற்றிப் பட்டையில் வெள்ளைத் திட்டு விழுந்துவிட்டது, அந்தப் பக்கத்தை இன்றைக்கும் சுவரைப் பார்க்கத் திருப்பித்தான் வைக்கிறாள். மொத்தம் பதினொன்று. அமெரிக்காக்காரன் செய்தது ஒன்று, உச்சியில் வட்ட வட்டமாக ஓட்டை, பந்து விளையாடப் போகிறவன் போட்டுக்கொள்வதுபோல் இருக்கும். ரஷ்யாக்காரன் குளிர்காலத்துக்கு உள்ளே ஆட்டு ரோமம் வைத்துத் தைத்தது ஒன்று, அதைத் தொட்டால் அவளுக்கு வேலூர் வெயிலிலும் சிலிர்க்கும். புனாவிலிருந்து ஒருவர் அனுப்பியது போலி. கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கில் காட்டினபோது தையல் நூல் பூராவும் பளிச்சென்று வெள்ளையாக மின்னியது, பழைய பருத்தி நூல் அப்படி மின்னாது. அந்த விளக்கைப் பக்கத்து நகைக்கடையில் இரவல் வாங்கினாள், அவர்கள் இன்றுவரை இவளிடம் கள்ள நோட்டு அதிகம் வருகிறது என்று நினைத்துப் பரிதாபப்படுகிறார்கள். எதற்கு இதெல்லாம் என்று மகள்கூடக் கேட்டிருக்கிறாள். கோட்டைக்குப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், துருப்பிடித்த பூட்டுகளுக்கும் அறுந்த கடிகாரங்களுக்கும் நடுவில் முதல் தொப்பியைப் பார்த்தபோது அவள் கை காதுப் பக்கம்தான் போயிற்று. காது இருக்கும் இடத்தில் ஒரு பை, பைக்குள் வட்டமான கறுப்புக் கேட்பான், அதைச் சுற்றிக் காது நோகாமல் இருக்கப் பஞ்சு வைத்துத் தையல். தினமும் அவள் தன் கடையின் கண்ணாடி அறைக்குள் ஆட்களுடைய காதில் மாட்டும் கேட்பானுக்குப் பெரியம்மா பிள்ளை மாதிரி இருந்தது. இந்தத் தொப்பி குண்டைத் தடுக்காது. உள்ளே இருக்கிறவனுடைய தலை இரும்பில் மோதாமல் தடுக்கும், அந்த இரைச்சலுக்கு நடுவில் பக்கத்து ஆள் பேசுவதைக் கேட்கவைக்கும், அவ்வளவுதான். அத்தனை பெரிய இரும்பு மிருகத்தைச் செய்தவர்களில் யாரோ ஒருவர் உட்கார்ந்து காதைப் பற்றி யோசித்திருக்கிறார். அந்த ஒருவரை நினைத்துத்தான் அன்றைக்கு வாங்கினாள். அது பதினான்கு வருஷம் முன்னால்.

விரிஞ்சிபுரம் தாண்டியது. வெயில் இவள் பக்கம் மாறி, பெட்டியின் மேல் விழுந்தது. பெட்டியை நிழலுக்கு நகர்த்தினாள், தூங்குகிற குழந்தையின் முகத்தில் வெயில் படாமல் துண்டைப் போடுவதுபோல், பிறகு தானே சிரித்துக்கொண்டாள். சிகாவுக்கு வெயில் ஒன்றும் செய்யாது. சிகா. மூன்று வருஷமாக அவன் பெயர் அதுதான். அம்பத்தூரில் ஒரு காயலாங்கடைக்காரர் வைத்திருந்த சாக்கிலிருந்து இந்தத் தொப்பி வெளியே வந்தபோது, கறுப்புக் கித்தான், தலைக்கு மேல் பஞ்சடைத்த மூன்று வரப்புகள், ரஷ்ய எழுத்தில் முத்திரை, பக்கத்தில் அறுபது என்று அளவு, மற்றபடி இந்த மாதிரி ஆயிரம் கிடைக்கும். திருப்பிப் பார்த்தாள். உள் துணியில் நெற்றி படும் இடத்தில் தமிழில், மங்கிப்போன ஊதா மையில், "சிகா" என்று எழுதியிருந்தது. கா-வின் கால் மட்டும் அவசரத்தில் இழுத்துவிட்டதுபோல் நீண்டு துணியின் மடிப்பு வரைக்கும் ஓடியிருந்தது. அதைக்கூட விட்டுவிடலாம். வீட்டுக்கு வந்து இடது காதுப் பைக்குள் விரலை விட்டபோது கேட்பானுக்குப் பின்னால் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தாள், வரவில்லை, யாரோ கறுப்பு நூலால் நாலு முரட்டுத் தையல் போட்டிருந்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் துணி. மஞ்சள் துணி. நாலைந்தாக மடித்து அடைத்தது. வலது காதில் இல்லை. வலது காதில் நூல் அறுந்த தழும்பு மாதிரி ஏதோ இருந்தது, துணி இல்லை. அன்றைக்கு அவள் சமைக்கவில்லை, துளசிராமன் ஓட்டலில் தோசை வாங்கி வந்தார். மஞ்சள் துணி என்றால் வேறென்ன. எந்த அம்மாவோ, எந்தப் பெண்ணோ, குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்த துணி. பையன் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்று. அதை அவன் இடது காதில் ஏன் வைத்துக்கொண்டான். இடது காதில் வலி. பக்கத்தில் பீரங்கி வெடித்த சத்தத்தில் சவ்வு கிழிந்திருக்கும், கேட்பான் அழுத்தினால் தாங்க முடியாமல் துணியை வைத்து அடைத்திருப்பான். அதற்கப்புறம் அவளால் அவனை விடவே முடியவில்லை. இருபத்திரண்டு வயது. மாநிறம். மீசை இன்னும் ஒழுங்காக வளரவில்லை. ஒரு மழை நாளில், கடைக்கு யாரும் வராத மத்தியானம், பரிசோதனைப் படிவம் ஒன்றை எடுத்து, பெயர் சிகா, வயது 22 என்று எழுதி, வலது காதுக்குச் சிவப்பில் கோடு, இடது காதுக்கு நீலத்தில் கோடு, நாலாயிரம் ஹெர்ட்ஸில் கிணற்றில் விழுவதுபோல் விழுந்து மறுபடி ஏறும் கோடு, எல்லாம் வரைந்து கீழே கையெழுத்தும் போட்டாள். பிறகு யாராவது பார்த்துவிட்டால் என்னவென்று சொல்வது என்று பயந்து மேஜை இழுப்பறையின் அடியில் வைத்தாள். கிழிக்க மனம் வரவில்லை. துளசிராமனுக்கும் தெரியாத ஒரே விஷயம் அதுதான். தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் ஆன ஒருத்தி இன்னொருத்தனுடைய காதை இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருக்கலாமா என்று ஒவ்வொரு தடவை இழுப்பறையை மூடும்போதும் தோன்றும்.

அவன் செத்துவிட்டான் என்றுதான் அவள் வைத்திருந்தாள். அதை இப்போதுதான், பள்ளிகொண்டா டோல்கேட்டில் வண்டி நின்று இரைச்சல் அடங்கின இந்த நிமிஷத்தில்தான், தனக்குத்தானே ஒத்துக்கொண்டாள். உயிரோடிருந்தால் தொப்பி எப்படிக் காயலாங்கடைக்கு வரும், அந்தத் துணியை அவன் எடுத்துக்கொள்ளாமல் விடுவானா. அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது. செத்தவனுக்கு வயதாகாது. செத்தவன் வந்து திருப்பிக் கேட்க மாட்டான். போன வாரம் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துச் செயலாளர் தன் காது மிஷினுக்கு பேட்டரி வாங்க வந்தவர், மேஜையில் இருந்த அவளுடைய போனில் தொப்பியின் படத்தைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு, "இது எங்க ஊர் சிகாமணி எழுத்தாச்சேம்மா" என்றபோது அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷமில்லை. பதினொன்று பத்தாகிவிடும் என்ற பயம்தான் வந்தது, அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருந்தது. அந்தக் கா-வின் வாலை வைத்தே அவர் கண்டுபிடித்துவிட்டார், சிகாமணி பட்டாளத்திலிருந்து எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும், தான் பட்டாளத்தில் சேரும்வரை, ஊரில் செயலாளர்தான் படித்துச் சொல்வாராம். சிகாமணிக்கு எழுபத்தாறு வயதாம். புளியந்தாங்கலில் இருக்கிறாராம். சுத்தமாகக் காது கேட்காதாம், மிஷின் வைத்துக்கொள்ளச் சொன்னால் மாட்டேன் என்கிறாராம். மறுநாளே செயலாளர் போன் செய்தார். சிகாமணி பார்க்க ஆசைப்படுகிறான், கொண்டு வர முடியுமா என்று. கொண்டு வர முடியுமா. பார்க்க என்றால் பார்க்க மட்டுமா. ஒரு மனிதன் தன் பொருளைக் கையில் வாங்கிக்கொண்டு இது என்னுடையது என்று சொன்னால் இல்லை என்று எப்படிச் சொல்வது. சட்டப்படி அது அவளுடையது. சட்டத்தைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைய முடியுமா. வேறொரு பயமும் அதற்கடியில் கிடந்தது, சேற்றுக்குள் கால் வைத்தால் தட்டுப்படும் கல் மாதிரி. அவர் அந்தத் துணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், மூன்று வருஷமாக அவளோடு இருக்கும் பையன் அந்த நிமிஷமே போய்விடுவான்.

குடியாத்தத்தில் இறங்கி மினி பஸ் மாறினாள். மினி பஸ்ஸில் பாட்டு, தொண்ணூறு டெசிபலுக்குக் குறையாது, ஆனால் ஜன்னலில் கேழ்வரகு வயலும் தூரத்து மலையும் வந்தன, காற்று வந்தது, பெட்டி மடியில் சூடாக இருந்தது, எதிர்பாராத விதமாக அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. எதற்கென்று தெரியவில்லை. பயம் அப்படியே இருந்தது, அதன் பக்கத்தில் இதுவும் இருந்தது, ஒன்றையொன்று தள்ளவில்லை. ஐம்பத்தோரு வயதில் ஒரு தொப்பியைத் தூக்கிக்கொண்டு தெரியாத ஊருக்குப் போகிற அளவுக்குத் தனக்கு ஒன்றின்மேல் பிரியம் இருக்கிறது, அதுவே பெரிய விஷயம் என்று பட்டது.

புளியந்தாங்கலில் பட்டாளத்துக்காரர் வீடு என்றதும் நாலு பேர் நாலு வீட்டைக் காட்டினார்கள். சிகாமணி என்றதும் எல்லாரும் ஒரே வீட்டைக் காட்டினார்கள், காட்டும்போதே கொஞ்சம் சிரித்தார்கள். பச்சைச் சுண்ணாம்பு அடித்த மாடி வீடு, வாசலில் கூடு போட்ட பழைய ஜீப். கதவைத் திறந்த பூங்காவனம் அம்மாள் ஒல்லியாக, கன்னத்தில் வெற்றிலையோடு இருந்தார். "வாம்மா, காலைல அஞ்சு மணிலேருந்து ஷேவிங் பண்ணிக்கினு குந்திக்கீறாரு" என்றார், வெற்றிலை சிந்தாமல் இருக்க உதட்டை அசைக்காமலேயே. உள்ளே நாற்காலியில் இருந்தவர் எழுந்து நின்றார். அமுதவல்லி அவருடைய உயரத்தைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், பிறகு தலையைப் பார்த்தாள், அங்கேயே நின்றுவிட்டாள். சின்னத் தலை. பெரிய தோளுக்கு மேல், கழுத்து போதாதென்று கடைசியில் வைத்ததுபோல் ஒரு சின்னத் தலை. அளவு அறுபது. மூன்று வருஷமாக அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பட்டியலில் எழுதியும் வைத்திருந்தாள். ஐம்பத்துநாலைத் தாண்டாத தலை இது.

அவர் பெட்டியை வாங்கிப் பிரித்தார். வேட்டியை விலக்கித் தொப்பியை எடுத்தார், உள்ளே எழுதியிருந்ததைப் பார்க்கவில்லை, முத்திரையைப் பார்க்கவில்லை. கட்டைவிரலை நேராக இடது காதுப் பைக்குள் விட்டு அழுத்தினார். முகம் மெல்ல மலர்ந்தது.

"இருக்குது" என்றார்.

அமுதவல்லி அவருக்கு நேரெதிரில் உட்கார்ந்து, வாய் தெரியும்படி, மெதுவாகக் கேட்டாள். "ஐயா, அது என்ன துணி?"

"ரிசால்தார் சாப் தலப்பா." அவர் குரல் சுவரில் மோதித் திரும்பியது. "சர்தார்ஜி. எங்க வண்டிக்கு அவர்தான் தலைவர். குருத்வாராவுக்குப் போறதுக்குன்னு மஞ்சள் தலப்பா ஒண்ணு தனியா வெச்சிருப்பாரு. எனக்கு ஏத்த சைசுல தொப்பி இல்ல. பெருசாக் கொடுத்துட்டாங்க, குனிஞ்சா கண்ண மறைக்கும். வண்டி ஒரு பள்ளத்துல விழுந்தப்போ தலை ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம், இங்க பாருங்க." நெற்றியோரம் ஒரு வெள்ளைத் தழும்பைக் காட்டினார். "அன்னிக்கி அவரு தலப்பாவக் கிழிச்சு ரெண்டு பக்கமும் வெச்சு அவரே தெச்சாரு. உன் தலை எலுமிச்சம்பழம்டான்னாரு. பட்டாளத்த வுட்டு வரச்சே ஸ்டோர்ல திருப்பிக் குடுத்ததுதான், அங்கேருந்து ஏலத்துல போயிருக்கும்."

காசு முடிந்த துணி இல்லை. அம்மா இல்லை, பெண் இல்லை, கிழிந்த சவ்வு இல்லை. போய்விடுவான் என்று அவள் பஸ்ஸில் வழியெல்லாம் பயந்த அந்தப் பையன் போய்விட்டான். எவ்வளவு சுலபமாகப் போய்விட்டான் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, வலிக்கவில்லை, அவன் எழுந்த இடத்தில் இந்தச் சின்னத் தலைக் கிழவர் வந்து சௌகரியமாக உட்கார்ந்துகொண்டார். தலைப்பாகையைக் கிழித்துக் கொடுத்த சர்தார்ஜி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், இடம் போதுமானதாகவே இருந்தது. "வலது பக்கத்துத் துணி எங்கே?" என்று கேட்டாள்.

"டீ வடிகட்ட எடுத்துட்டோம்" என்றார் அவர். பிறகு சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டு, கையை வாய்க்கு அணைகட்டி ரகசியமாகச் சொன்னார். ரகசியம் என்று அவர் நினைத்தது தெருவில் போகிறவருக்கும் கேட்டிருக்கும், தன் குரல் தனக்குக் கேட்காதவர்களுக்கு ரகசியம் பேச வராது என்று அமுதவல்லிக்குத் தெரியும், ஆனாலும் அவரைத் தடுக்க முடியவில்லை. "நான் யார்கிட்டயும் இதச் சொன்னதில்லம்மா. நான் நாலு டேங்கு அடிச்சேன்னு ஊர்ல பேரு. ஒண்ணுகூட அடிக்கல. சண்டை பதினாலு நாளு. அஞ்சாம் நாளு எங்க வண்டி நாணல் காட்டுல சேத்துல எறங்கிடுச்சு. ஒம்போது நாளு அங்கியேதான். இந்தத் துணியில டீ வடிகட்டிக் குடிச்சிக்கினு, சத்தத்தக் கேட்டுக்கினு. எங்கள விட்டுட்டு முன்னால போன வண்டி மூணு. மூணும் திரும்பல." அவர் தொப்பியின் வரப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தார். "நாலு அடிச்சது அவங்க. ரேடியோல கேட்டுக்கினே இருந்தோம். இந்தக் காதுலதான் கேட்டேன். அவங்க வந்து சொல்லியிருப்பாங்க, வரல. யாராச்சும் சொல்லணுமில்ல. நான் செஞ்சதாச் சொன்னாத்தான் ஊர்ல கேக்கறாங்க. யாரோ செஞ்சான்னா யாரு கேப்பாங்க."

அமுதவல்லி அவர் முழங்கை மேல் கையை வைத்தாள், எத்தனையோ பேருக்குப் பரிசோதனை முடிந்ததும் அப்படி வைத்திருக்கிறாள், இன்றைக்கு அது வேறு மாதிரி இருந்தது. அந்த மூன்று வண்டிகளிலும் எத்தனை தொப்பிகள். ஒரு வண்டிக்கு நாலு. பன்னிரண்டு. அவள் சேர்த்து வைத்திருப்பதைவிட ஒன்று கூட.

பூங்காவனம் அம்மாள் இரண்டு டம்ளர் காப்பியோடு வந்து நின்றார். "சேத்துல மாட்டிக்கினத சொல்லிட்டாரா?" என்றார் சாதாரணக் குரலில், கணவருக்கு முன்னாலேயே, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு. "ஏழு வருசத்துக்கு முன்ன என் தம்பிகிட்ட இப்டித்தாம்மா ரகசியமாச் சொன்னாரு. தெருக்கோடில பால் கறந்துக்கினு இருந்தவங்களுக்கெல்லாம் கேட்டுச்சு. ஊருக்கே தெரியும். இவருக்குத்தான் ஊருக்குத் தெரியும்னு தெரியாது."

"யாரும் கேட்கலையா அவரை?"

"இன்னாத்துக்கு? இந்தத் தெருவுல பாதிப் பொம்பளைங்க பிரசவத்துக்கு இவரு ஜீப்புலதான் போனோம். கொடியேத்த வருசா வருசம் இவரத்தான் கூப்புடுவாங்க, இவரும் நாலு டேங்கு கதையச் சொல்லுவாரு, எல்லாரும் கேப்பாங்க. அந்த மூணு வண்டிக்காரங்களுக்குன்னு நெனச்சிக்கினு கேக்கறாங்க. நல்லாத்தான் சொல்றாரு."

சிகாமணி மனைவியின் வாயையும் அமுதவல்லியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா சொல்றா?" என்றார்.

அமுதவல்லி காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். காது கேளாதவர்களிடம் பொய் சொல்லக்கூடாது என்று எத்தனை மகன்களுக்கும் மருமகள்களுக்கும் அவள் சொல்லியிருப்பாள், அப்புறம் சொல்றேன் என்றும் ஒன்றுமில்லை என்றும் தள்ளாதீர்கள், அதுதான் அவர்களைக் கொல்கிறது என்று. இப்போது அவளுக்கு முன்னால் ஒரு கிழவர், அவர் ஐம்பது வருஷமாகத் தூக்கிக்கொண்டு வந்ததை ஊரே கூடி ஒரு கை கொடுத்துத் தாங்கிக்கொண்டிருக்கிறது, அதை ஒரு வார்த்தையில் கீழே போட அவள் யார். "காப்பிக்குச் சர்க்கரை போதுமான்னு கேக்கறாங்க" என்றாள்.

அவர் அதை அவள் உதட்டில் படித்துவிட்டு, வெகுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார். "இவ்ளோ நேரம் பேசறா. பத்து வருசமா யாரக் கேட்டாலும் சக்கரை, சாப்பாடு, மழை, இதேதான் சொல்றாங்க. இவ வாயத் தொறக்காமயே பேசறவ, எனக்கு ஒண்ணும் பிடிபடாது. சக்கரைக்கா இவ்ளோ பேச்சு?" தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டினார். வலது பக்கம் கொஞ்சம் இறங்கியது, இடது பக்கம் துணி இருந்ததால் நின்றது. கன்னத்துப் பட்டையைத் தேடி விரல் தானாகப் போயிற்று, கண்ணை மூடினார். "இதப் போட்டுக்கினா எத்தன சத்தத்துலயும் ரிசால்தார் சாப் குரல் இங்க வந்து நிக்கும். பக்கத்துல பேசற மாதிரி. இவ இன்னா பேசறான்னு ஒருதரம் அப்டிக் கேக்கணும் எனக்கு. எல்லாரும் மிஷின் வெச்சிக்கோன்னு சொன்னப்போ வேணாம்னேன். இப்ப வேணும். இன்னிக்கே வர்லாமா?"

"வியாழக்கிழமை வாங்க ஐயா" என்றாள் அமுதவல்லி, நாலு விரலைக் காட்டி, இன்னும் நாலு நாள் என்று. "முதல்ல காதைப் பார்க்கணும். எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும். முழுசாகக் கேட்கும்னு சொல்ல மாட்டேன். கொஞ்சமாவது கேட்கும்."

"கொஞ்சம் போதும்" என்றார் அவர். தொப்பியைக் கழற்றவில்லை. கழற்றும் எண்ணமும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அவள் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. வரும்போது அவரே எடுத்து வருவார், வராவிட்டாலும் இந்த நிமிஷம் அதை அந்தத் தலையிலிருந்து எடுக்கிற கை தன்னுடையதாக இருக்காது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது, அந்த நிச்சயம் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்ததுபோல் உள்ளே குளுமையாக இறங்கியது. அவள் பூங்காவனம் அம்மாளைப் பார்த்தாள். மிஷின் பொருத்தினால் ஊர் பேசுவது அவர் காதிலும் விழும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. அந்த அம்மாள் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினால் என்ன செய்வது என்று தெரியாமல் காத்திருந்தாள்.

பூங்காவனம் அம்மாள் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பியின் கன்னப் பட்டை அவர் தாடைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது, அதை எடுத்து மறுபக்கக் கொக்கியில் மாட்டி, சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"வெச்சுவுடும்மா" என்றார். "வியாயக்கெழமைக்குள்ள நான் வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன், இனிமே இவரு காதுல வுழாம பாத்துப் பேசணும்னு."

"இன்னா சொல்றா?" என்றார் சிகாமணி.